ஞாயிற்றுக்கிழமை ஏச்சு

"சாப்பிட்டாச்சோ அண்ணை?" என்று கேட்டால் அவருடைய வாய் பதில் சொல்லுமுன் கிற்றார் சொல்லிவிடும். சாப்பிட்டிருந்தால் சுருக்கமாக இரண்டு தட்டு. சாப்பிடவில்லையென்றால் ஒரு நீளமான இழுவை, கேட்கிற நமக்கே பசியெடுக்கும். அதற்குப் பிறகுதான் வாயால், "ஓம் பிள்ளை, இப்பத்தான்" என்பார். கிற்றார் கையில் இல்லாத நேரத்தில் மேசை, கதவு, ஓட்டோவின் கம்பி, பக்கத்தில் இருப்பவரின் முதுகு என்று எது அகப்படுகிறதோ அதில் தட்டுவார். உலகத்தில் ஒரு சத்தம் எழும்பினால் யாராவது அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், அந்த ஆள் தான்தான் என்று அவர் எப்போதோ முடிவெடுத்துவிட்டிருந்தார்.

குருநகர்க்காரர். கலியாண வீடு, கோயில் பெருநாள், பாடசாலை விழா, எதுவானாலும் மேடையில் பாடுகிறவருக்குப் பின்னால், வெளிச்சம் முழுதாக விழாத இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அவர் இருப்பார். நோட்டீசில் பாடகர் பெயர் இருக்கும், அறிவிப்பாளர் பெயர் இருக்கும், பந்தல்காரர் பெயர்கூட இருக்கும். கடைசியில் "மற்றும் குழுவினர்" என்று ஒரு வரி வரும். "அது நான்தான் பிள்ளை. யாழ்ப்பாணத்திலை ஆகக் கூட அச்சடிச்ச பேர் என்ரை பேர்தான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

இளவயதில் கொழும்பு ஹொட்டல் ஒன்றில், வெள்ளைக்காரர் சாப்பிடும்போது பின்னணியில் வாசிக்கும் குழுவில் சில வருடம் இருந்தார். அங்கே தொற்றியதுதான் இந்த ஜாஸ் வருத்தம். ஊருக்குத் திரும்பிய பிறகும் மாறவில்லை. மாதா பாட்டின் நடுவிலும் பைலா ஆட்டப்பாட்டின் நடுவிலும் அது எட்டிப் பார்க்கும். ஒருநாள் நானே கேட்டேன்.

"ஜாஸ் எண்டால் என்ன அண்ணை?"

"வீட்டிலை மனிசி ஒண்டு கேப்பா. அவ நினைச்சே பாராத ஒரு மறுமொழியைச் சொல்லோணும். ஆனால் சுருதி பிசகக்கூடாது. பிசகினால் சோறு இல்லை."

அவருடைய மனைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். அக்காவின் ஏச்சு குருநகரில் பிரபலம். காலையில் அவர் தொடங்கினால் கரையில் வலையிலிருந்து மீன் பிரிக்கிறவர்களுக்கு நேரம் தெரியும். கெட்ட வார்த்தை ஒன்றும் வராது. எல்லாம் கேள்விகள்தான். ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வரும், ஏறும், உச்சியில் நிற்கும், மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்கும் இடத்தில் உள்ளேயிருந்து கிற்றார் இரண்டு சொல் சொல்லும். "பாத்தியளோ, நான் கேக்கிறன், உவர் வாசிக்கிறார்!" என்று அக்கா மறுபடி தொடங்குவார்.

பாண்கார ஓட்டோவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாட்டில் பாண் ரொட்டி விற்கும் எல்லா ஓட்டோவும் ஒலிபெருக்கியில் போடுவது ஒரே மெட்டுத்தானே. பின்னேரம் அது ஒழுங்கைக்குள் நுழைந்ததும் இவர் வாசலுக்கு வந்து அந்த மெட்டுக்கு ஒரு எதிர்மெட்டு வாசிப்பார். நேற்று வாசித்ததை இன்று வாசிக்கமாட்டார். பாண்காரருக்கு அது பிடித்துப்போய், ஒழுங்கையை ஒருதடவை சுற்றுவதற்குப் பதிலாக மூன்று தடவை சுற்றத் தொடங்கினார். அடுத்த ஒழுங்கைக்குப் பாண் போய்ச் சேரப் பொழுதுபட்டுவிடும். அந்த ஒழுங்கைச் சனம் கூட்டமாக வந்து, "அண்ணை, எங்கடை பிள்ளையள் பசி கிடக்குதுகள், கொஞ்சம் வாசிக்காமல் இருங்கோ" என்று கெஞ்சியது. வந்தவர்களில் பாதிப்பேர் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

பங்குக் கோயிலில் நடந்தது இதைவிடப் பெரிது. பாடகர் குழுவில் இருந்துகொண்டு, பங்குத் தந்தையான சுவாமியின் பிரசங்கத்துக்கும் மறுமொழி தட்டத் தொடங்கிவிட்டார். சுவாமி "நாமெல்லோரும் பாவிகள்" என்பார், மடியிலிருந்து மெல்ல ஒரு தந்தி, ஆமாம் ஆமாம் என்று ஒத்துக்கொள்ளும். முதல் வாரம் சுவாமிக்குக் கோபம். இரண்டாம் வாரம் அவரே தந்திக்கு இடம் விட்டுப் பேசுவதைச் சனம் கண்டுபிடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு பிரசங்க நேரத்தில் கிற்றார் உறைக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

இனி நான் யார் என்று சொல்லவேண்டும். நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். சுவரெல்லாம் முட்டை அடுக்கும் மட்டை. கோயில் திருவிழா அறிவித்தல், ரியூசன் விளம்பரம், அம்மன் பாட்டு, ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகிற மரண அறிவித்தல், எல்லாம் என்னிடம்தான் பிறக்கும். அந்த மாசி மாதம் அவர் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பிள்ளை, ஒரு அல்பம் செய்யோணும். நான் தனிய."

"தனியவோ?"

"தனிய. பாட்டுக்காரர் இல்லை, ட்ரம்ஸ் இல்லை, மற்றும் குழுவினர் இல்லை. நானும் இந்தக் கட்டையும்."

இடக்கையை நீட்டி மோதிர விரலை மடக்கிக் காட்டினார். மடங்கிய விரல் நிமிரவில்லை. மற்றக் கையால் பிடித்து நிமிர்த்தினார், "டக்" என்று ஒரு சத்தம். அதற்கும் காலால் ஒரு தட்டுத் தட்டினார் என்பது வேறு கதை.

"பாஸ்காப் பெருநாள் முடியக் கத்தி வைக்கிறதாம். டொக்டர் நல்லாத்தான் சொல்லுறார், ஆனால் பழைய மாதிரி ஓடுமெண்டு அவரும் சத்தியம் பண்ணேல்லை. இவ்வளவு காலமும் மற்ற ஆக்களுக்குப் பின்னாலை வாசிச்சிட்டன். விரல் போக முன்னம் என்ரை சத்தத்தை ஒருக்கால் தனியக் கேக்கோணும் பிள்ளை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பாஸ்காவுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியிருந்தது, கலியாணம் இல்லை, கொண்டாட்டம் இல்லை, கத்தோலிக்க ஊர்களின் கிற்றார்காரருக்கு ஓய்வான காலம். அடுத்த நாளே தொடங்குவோம் என்றேன்.

அடுத்த நாள் அவர் வந்து இருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. டுக்கு டுக்கு என்று அது சொல்ல, இவர் சுருதி கூட்டுகிற சாட்டில் அதற்கு ஒரு மறுமொழி வாசித்தார் பாருங்கள், நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதைத்தான் பதிய வேண்டும் என்று ஓடிப்போய்த் தோட்டக்காரரைக் கும்பிட்டு மிசினை நிறுத்தினேன். கதவைப் பூட்டி, சிவப்பு லைற்றைப் போட்டு, கையைக் காட்டினேன். அவர் தந்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன அண்ணை?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே பிள்ளை."

அன்று மட்டுமில்லை, அடுத்தடுத்த நாட்களும் அதே கதைதான். ஹெட்போனுக்குள் தாளம் போட்டுக் கொடுத்தேன். "உது கதைக்கேல்லை, எண்ணுது" என்றார். மிசினின் சத்தத்தைப் பதிந்து கொடுத்தேன். கொஞ்சம் வாசித்துவிட்டு, "சொன்னதையே சொல்லுது" என்றார். கடைசியில் நானே மைக்கில் இருந்து சுகம் விசாரித்தேன். மிகவும் மரியாதையாக, கலியாண வீட்டில் சந்தனம் கொடுப்பவர் மாதிரி வாசித்தார். எனக்கே கொட்டாவி வந்தது.

"வீட்டிலை நல்லா வருமே அண்ணை?"

அவருடைய முகம் விழுந்துவிட்டது. "வீட்டிலையும் கொஞ்ச நாளா வரேல்லை. மனிசிக்கு என்னிலை ஏதோ கோவம். கதைக்கிறா, ஆனால் கதைக்கேல்லை."

"என்ன கோவம் எண்டு கேக்கேல்லையோ?"

"கேக்கப் பயம் பிள்ளை."

வெள்ளிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காரணம் காட்டி அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் குளித்துவிட்டு வந்து, ஈரத் துவாயை அக்கா தேய்த்து மடித்து வைத்திருந்த சேலையின் மேல் போட்டார். வேண்டுமென்றுதான் போட்டார், எனக்கு இப்போது தெரியும். போட்டுவிட்டுக் கிற்றாரை எடுத்து மடியில் வைத்துக் காத்திருந்தார். நானும் காதைப் பொத்தத் தயாரானேன். அக்காவின் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு வாய் மூடியது. நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு துவாயை எடுத்துக் கொடியில் விரித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். கிற்றாரின் மேல் அண்ணையின் விரல்கள் சும்மா கிடந்தன. பாவமாயிருந்தது.

நான் அக்காவின் பின்னாலேயே குசினிக்குள் போனேன்.

"அக்கா, அண்ணையோடை என்ன கோவம்?"

"கோவமோ? ஆர் சொன்னது?" என்றார். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "தங்கச்சி, ஒருத்தருக்கும் சொல்லாதையும். நாங்கள் தவக்காலத்துக்கு எதையாவது விடுறனாங்கள். சிலபேர் இறைச்சியை விடுவினம், சிலபேர் சாராயத்தை விடுவினம். எனக்கு இறைச்சி ஒரு பொருட்டில்லை. பெரிசா எது இருக்கோ அதையெல்லோ ஆண்டவருக்குக் குடுக்கோணும்? விபூதிப் புதன் தொடங்கிப் பாஸ்கா மட்டும் உவரை ஏசிறேல்லை எண்டு நேந்திருக்கிறன்."

"ஏனக்கா?"

"உவற்றை விரலுக்காண்டித்தான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் முகம் எப்படியிருக்கும் என்று அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கண்ணாடிதான் இல்லை. ஸ்ரூடியோவில் நடந்ததையெல்லாம் சொன்னேன். அக்கா அகப்பையைக் கையில் பிடித்தபடியே பலகைக்கட்டையில் இருந்துவிட்டார்.

"இதென்ன சோதனை. நான் வாயைத் திறந்தால் விரல் போகும். திறக்காட்டில் அல்பம் போகும்."

"அவருக்குச் சொல்லுங்கோவன்."

"சொல்லிக் காட்டினால் அது ஒறுத்தலே?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சைவக்காரியான நானே, விபூதி பூசிய நெற்றியோடு, அக்காவைக் கூட்டிக்கொண்டு கோயிலடியில் இருந்த சுவாமியின் அறைவீட்டுக்குப் போனேன். சுவாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் கவிழ்ந்து சிரித்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"அம்மா, தவக்காலத்து நாள் கணக்கிலை ஞாயிற்றுக்கிழமை சேராது. ஞாயிறு உயிர்ப்பின்ரை நாள். அண்டைக்கு ஒறுத்தல் இல்லை."

"அப்ப ஏசலாமோ சுவாமி?"

"பூசை முடிஞ்ச பிறகு. என்ரை பிரசங்கத்துக்குத் தட்டினதுக்கும் சேர்த்து ரெண்டு ஏச்சுக் குடுங்கோ."

அந்த ஞாயிறு இருவரும் பூசை முடிந்த கையோடு நீர்வேலிக்கு வந்தார்கள். அவரை உள்ளறையில் இருத்தினேன். அக்காவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என்னருகில் ஒரு மைக்கின் முன் இருத்தி, இருவர் காதிலும் ஹெட்போனை மாட்டினேன். அக்காவின் குரல் அவர் காதுக்கு மட்டும் போகும், பதிவில் விழாது. "அண்ணையோடை கொஞ்சம் கதையுங்கோ அக்கா" என்றேன். அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டார், செருமினார். "இஞ்சாருங்கோ, சுகமா இருக்கிறியளோ?" என்று ஏதோ றேடியோவில் கேட்பவர் போலக் கேட்டார். உள்ளே அவர் விழித்தார். பிறகுதான் அக்காவின் கண்ணில் அவருடைய சட்டை பட்டது.

"உதென்ன சட்டை? உந்தக் குழம்புக் கறையோடையோ பூசைக்கு வந்தனீங்கள்? முன்வாங்கிலை வேறை போய் இருந்தனீங்கள்! சுவாமி என்ன நினைச்சிருப்பார்? அதை விடுங்கோ, காஸ் சிலிண்டர் எங்கை? செவ்வாய்க்கிழமை மாத்தக் குடுத்தது, எங்கை? கேக்கிறனெல்லே?"

கிற்றார் திடுக்கிட்டு எழும்பியது. நுனிக்காலில் நடந்து பின்கதவால் நழுவுகிற ஒருவன் மாதிரி மேல் தந்தியிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கியது. அக்கா விடவில்லை. குடையைக் கேட்டார், மழையில் விட்ட செருப்பைக் கேட்டார், திங்கள் தொடங்கிச் சனி வரை விழுங்கிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய்க் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அக்கா நினைத்தே பாராத மறுமொழி உள்ளேயிருந்து வந்தது. "சிரிக்கிறியளோ? நான் கேக்கிறன், நீங்கள் சிரிக்கிறியளோ?" என்று அக்கா மேசையில் அடித்தார். கிற்றார் விழுந்து விழுந்து சிரித்தது. நான் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு மிக்சருக்குப் பின்னால் குனிந்திருந்தேன்.

முடிவில் அக்கா உச்சத்துக்கு ஏறினார். "என்ன தெரியும் உங்களுக்கு? உங்கடை விரலுக்காண்டி வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறன், நீங்கள் என்னடா எண்டால் ஈரத் துவாயைக் கொண்டந்து சேலையிலை போடுறியள்!"

கிற்றார் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். கோபமில்லை என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விளங்கிய கையோடு வாசித்தார். அப்படி ஒரு குதூகலத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. திருப்பிப் போட்டுக் கேட்டபோது அக்காவின் ஒரு சொல்லும் இல்லை. தனிக் கிற்றார் ஒன்று ஓடுகிறது, சடாரென்று நிற்கிறது, காத்திருக்கிறது, பிறகு துள்ளுகிறது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டு. ஒரு ஞாயிறு முழுக்க மீன். கடற்கரையிலே பிறந்த மனிதர் பழுதான மீனை வாங்கி வந்த கதை. இன்னொரு ஞாயிறு கொழும்பு ஹொட்டல் காலம். "ஒரு கடிதம் போட்டனீங்களோ? நான் வாசலிலை நிண்டு நிண்டு பாப்பன். ஒண்டு?" அதற்கு வந்த வாசிப்பு மெதுவானது. அன்று அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே நின்றார்.

பாஸ்காவுக்கு முதல் வாரத்துக் குருத்து ஞாயிறுதான் கடைசி. அவருடைய விரல் வீங்கியிருந்தது. அக்கா மைக்கின் முன் இருந்தார், வாயைத் திறக்கவில்லை.

"இண்டைக்கு ஏசிறதுக்கு ஒண்டுமில்லை" என்றார் கடைசியில். பிறகு மெல்ல, "விரல் நோகுதோ?" என்று கேட்டார்.

அவர் நெடுநேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரேயொரு தந்தியைத் தட்டினார். அது அதிர்ந்து, மெலிந்து, தானாக அடங்கும் மட்டும் கையை வைக்கவில்லை. அவ்வளவுதான் கடைசிப் பாட்டு. இன்னொருதடவை வாசிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

அல்பத்துக்கு அவர் வைத்த பெயர் "மற்றும் குழுவினர்".

வெளியீட்டு விழா பங்கு மண்டபத்தில், எங்கள் ஊர் வழக்கப்படி ஒன்றும் குறையாமல் நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி. அவர் கத்தி வைத்துக் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதிரைக் காலில் எல்லோருக்கும் மறுமொழி தட்டிக்கொண்டிருந்தார். ஆய்வுரைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், நல்ல மனிதர். ஒரு கட்டுக் காகிதத்தோடு எழும்பினார்.

"முதலாவது பாடலின் நடுவே வருகின்ற அந்த இடைவெளியைக் கவனியுங்கள். இங்கே கலைஞர் வாழ்வின் நிலையாமையை எண்ணித் திகைத்து நிற்கிறார்."

முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த அக்கா என்னிடம் சொன்னார். அக்காவின் இரகசியம் மண்டபத்தின் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும்.

"அதிலை நான் காஸ் சிலிண்டர் எங்கை எண்டு கேட்டனான்."

சபை வெடித்தது. அதிபர் நிறுத்தி, "என்னம்மா?" என்று கேட்டார். அக்கா எழும்பித் திரும்பவும் சொன்னார். அதிபர் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, மைக்கைக் கழற்றி மேடையால் இறங்கி வந்து அக்காவிடம் நீட்டினார். "அப்ப மூண்டாவது பாட்டிலை வாற இடைவெளி என்னம்மா?"

"அது மீன்."

அன்றைக்கு ஆய்வுரையை நிகழ்த்தியது அக்காதான். ஒவ்வொரு பாட்டாகப் போட்டார்கள், ஒவ்வொரு இடைவெளியையும் அக்கா இட்டு நிரப்பினார். பிரசங்கத்தைப் பற்றியது வந்தபோது சுவாமி கதிரையோடு சாய்ந்துவிட்டார். சனம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தது. கடைசிப் பாட்டு வந்தது. ஒரு நீண்ட மௌனம், ஒரு தந்தி. "இதிலை என்னம்மா?" என்றார் அதிபர். அக்கா மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். "அது வீட்டுக் கதை" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

ஏற்புரையில் அவர் சொன்னது கொஞ்சம்தான். "நான் தனிய வாசிச்ச முதல் அல்பம் எண்டு நோட்டீசிலை போட்டிருக்கு. நீங்களே கேட்டியள், அது பொய். ஆனால் எனக்கு இதுதான் சந்தோசம்."

விரல் நிமிர்ந்தது. பழைய ஓட்டம் வரவில்லை, ஆனால் பாண்கார ஓட்டோவுக்கு மறுமொழி சொல்ல அது போதுமாயிருந்தது. இன்னொரு அல்பம் செய்யலாமா என்று கேட்டால், "சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு பிள்ளை, இனி அவ சொல்லட்டும்" என்பார். சில வருடம் அப்படியே போனது. பிறகொரு மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழும்பவில்லை. ஓட்டோவில் ஊரெல்லாம் போன அவருடைய மரண அறிவித்தலை நான்தான் வாசித்தேன். பெயருக்கு வந்ததும் குரல் உடைந்து உடைந்து, பலதடவை திரும்பப் பதிய வேண்டியிருந்தது. எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன், அப்படி ஆனதில்லை.

அடுத்த மாசியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அக்காவிடம் போனேன். முன்கதவு திறந்திருந்தது. குசினிக்குள் ஏச்சுச் சத்தம் கேட்டது. யாரை ஏசுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். இறுவட்டுப் போடுகிற சின்ன றேடியோவில் அந்த அல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கிற்றார் நிற்கும் இடமெல்லாம் பிசகாமல் தன் கேள்வியைக் கேட்டார். "காஸ் சிலிண்டர் எங்கை? கேக்கிறனெல்லே?" கிற்றார் பின்கதவால் நழுவியது. "சிரிக்கிறியளோ?" கிற்றார் சிரித்தது.

"அக்கா, இப்ப உங்களுக்குத் தவக்காலமெல்லோ? இண்டைக்கு ஞாயிறும் இல்லையே, புதன்கிழமை."

"சுவாமியிட்டைக் கேட்டனான். செத்த ஆளை ஏசினால் கணக்கிலை வராதாம். இரும், தேத்தண்ணி போடுறன்."

நான் பலகைக்கட்டையில் இருந்தேன். பாட்டுகள் ஒவ்வொன்றாய் முடிந்து கடைசியது வந்தது. அக்கா கையைக் கழுவித் துடைத்தார். கேத்தல் இரையாமல் இருக்க அடுப்பைத் தணித்தார். றேடியோவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"விரல் நோகுதோ?"

ஒரு தந்தி அதிர்ந்து, மெலிந்து, அடங்கியது.

"ம்" என்று கேட்டுக்கொண்டு, அக்கா மீன்சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்தார்.